நாமினி வேறு, வாரிசு வேறு

மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், செம்பூரோ முலுண்டோ டோம்பிவிலியோ, இந்த ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது: "நாமினியில என் பேருதான் இருக்கு, அதனால எல்லாம் எனக்குத்தான்." சொல்கிறவர் யாரையும் ஏமாற்ற நினைப்பவர் கிடையாது, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். தான் இறந்தால் பணத்தை யார் வாங்கிக்கொள்வது என்று பெயர் எழுதும் நாமினி ஃபாரத்தை நீட்டிய வங்கி ஊழியர் அப்படித்தான் சொல்லியிருப்பார், பாலிசி விற்ற ஏஜென்ட் சத்தியமே செய்திருப்பார். அப்புறம் வீட்டில் ஒரு சாவு விழுந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பீரோவைத் திறந்து காகிதங்களை எடுக்கும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும்.

இந்தக் குழப்பத்துக்குச் சட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி, வாரிசு என்ற சொல்லை நாம் இஷ்டத்துக்குப் புழங்குவது. கட்சித் தலைவரின் மகன் வாரிசு, நடிகரின் மகள் வாரிசு, வித்வானிடம் பாட்டு கற்றவரும் வாரிசு, எல்.ஐ.சி. பாலிசியில் பெயர் உள்ளவரும் வாரிசு. பேச்சில் இதெல்லாம் சரிதான். பணமும் வீடும் என்று வரும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் இதைவிட ரொம்பக் குறுகலானது.

சொல் வந்த வழி

வாரிசு அரபியிலிருந்து வந்த சொல். அங்கே வாரிஸ் என்றால் இறந்தவரின் உடைமைக்கு உரிமை பெறுகிறவர். பாரசீகம், உருது வழியாக நவாபுகள் காலத்துக் கச்சேரிகளில் புழங்கி, அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. வக்கீல், ஜாமீன், வசூல், தாசில்தார், ரசீது எல்லாம் அதே வழியில் வந்தவைதான். மும்பையில் இருப்பவர்கள் மராத்தியில் 'வாரஸ்' என்று கேட்டிருப்பீர்கள், அதுவும் இதுவும் ஒன்றே. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் இருக்கிறாரே, அவருடைய 'மிராசு'கூட அதே அரபு வேரில் பிறந்ததுதான். மீராஸ் என்றால் பரம்பரையாக வந்த சொத்து. ஆக, மிராசுதார் என்றாலே வாரிசாக வந்த நிலத்தை வைத்திருப்பவர் என்று பொருள், வெறும் பணக்காரர் என்று இல்லை.

அதற்கு முன்னால் நம்மிடம் தாயம், தாயத்தார் என்ற சொற்கள் இருந்தன. பங்குக்கு உரிமை உள்ளவர்கள்தான் தாயாதிகள். அந்தச் சொல் இன்று தனியாக வருவதே இல்லை, பின்னாலேயே சண்டையும் சேர்ந்துதான் வருகிறது.

சொல்லைவிட முக்கியமான ஒன்று உண்டு. யார் வாரிசு என்பதை ரத்தம் மட்டும் முடிவு செய்வதில்லை, அந்த இடத்தில் அந்தக் காலத்தில் செல்லுபடியாகும் சட்டமோ வழக்கமோதான் முடிவு செய்கிறது. நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி நடந்த காலத்தில் ஒருவர் பெற்ற மகன் வாரிசு கிடையாது, சகோதரியின் மகன்தான் வாரிசு. பெற்ற பிள்ளை கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1848-ல் சதாராவின் ராஜா இறந்தபோது அவர் எடுத்த தத்துப்பிள்ளையை வாரிசாக ஏற்க மாட்டோம் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி சொல்லிவிட்டார், ராஜ்யம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1855-ல் தஞ்சாவூர் மராட்டிய அரசர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அங்கேயும் அதே கதை. பள்ளிக்கூடப் பாடத்தில் அவகாசியிலிக் கொள்கை என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இன்னொன்று, பலருக்கும் இது தெரியாது: உயிரோடு இருப்பவருக்குச் சட்டப்படி வாரிசு என்று யாருமே இல்லை. அப்பா இருக்கும்போது மகனிடம் இருப்பது என்றாவது கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான், அந்த எதிர்பார்ப்பை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மட்டும் பிறக்கும்போதே பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பங்கு மகளுக்கும் உண்டு, திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அப்பா சம்பாதித்து வாங்கிய ஃபிளாட்டில் இந்தப் பிறப்புரிமைப் பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஒருவர் இறக்கும் கணத்தில், சட்டம் யாரைக் காட்டுகிறதோ அவர் வாரிசு. அதற்கு முன்னால் கிடையாது.

மொய் நோட்டு எழுதுகிறவர்

இப்போது நாமினிக்கு வருவோம். தாராவியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்துக் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டப வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேலே நீளமான நோட்டு, மஞ்சள் பை, சில்லறை போட ஒரு டப்பா. மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் எல்லாரும் பணத்தை அவர் கையில்தான் கொடுக்கிறார்கள். ஊர், பெயர், தொகை எழுதிக்கொள்கிறார். அவர் வாங்கிவிட்டால் கொடுத்தவர் கடமை முடிந்தது, "நான் 501 வச்சேனே, வந்துச்சா?" என்று மாப்பிள்ளையைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இரவு பந்தி முடிந்ததும் அந்த மஞ்சள் பையைச் சித்தப்பா தன் வீட்டுக்கு எடுத்துப் போக முடியுமா?

நாமினியின் வேலை அந்தச் சித்தப்பாவின் வேலைதான். நாமினி என்பவர், கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு பணத்தைப் பெற்றுக்கொள்ள அவரே எழுதிக் கொடுத்த ஆள். வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. நாமினி ஏற்பாடே முதலில் வங்கியின் வசதிக்காக வந்தது, யார் உண்மையான பங்குதாரர் என்று விசாரித்துக்கொண்டிருக்க அதற்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. வாங்கிய பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். நாமினியே ஒரு வாரிசாகவும் இருக்கலாம், அப்போது அவருக்கு அவர் பங்கு உண்டு. முழுவதும் கிடையாது.

இதை உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சர்பதி தேவி, உஷா தேவி வழக்கு என்று பெயர். உயில் எழுதாமல் இறந்த ஒருவருக்குத் தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு எல்.ஐ.சி. பாலிசிகள். நாமினி மனைவி. தாயும் மகனும் பங்கு கேட்டார்கள். நாமினி நியமனம் என்பது பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்ற கை எது என்று காட்டுவது மட்டும்தான் என்றது நீதிமன்றம். பங்கு மூவருக்கும்.

அப்படியும் ஓயவில்லை. ஷேர் விஷயத்தில் 2010-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு நேர் எதிராகப் போனது. கணவர் தன் ஷேர்களுக்கு உடன்பிறந்தவரின் மகனை நாமினியாகப் போட்டிருந்தார், மனைவி கேட்டார், கம்பெனிச் சட்டத்தின் வாசகப்படி ஷேர் நாமினிக்கே என்று தீர்ப்பானது. மும்பையில் பாதிப் பேர் இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அது 2016-லேயே அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் தள்ளப்பட்டு, 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது என்பது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வழக்கு யாருடைய சொத்து பற்றியது என்றால், மும்பைச் சமையலறைகளில் தொங்குகிறதே காலநிர்ணய் நாட்காட்டி, அதைத் தொடங்கிய ஜெயந்த் சால்காவ்கருடையது. ஷேரோ மியூச்சுவல் ஃபண்டோ, நாமினிக்கு அதனால் தனி உரிமை எதுவும் வராது என்பதுதான் இன்றைய நிலை.

சரி, யார்தான் வாரிசு?

மதத்தைப் பொறுத்துச் சட்டம் மாறும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முலுண்டில் வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மும்பையில். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில். வங்கியில் 12 லட்சம் ரூபாய் எஃப்.டி., நாமினி மனைவி. வங்கி 12 லட்சத்தையும் மனைவியிடம் கொடுக்கும், அதில் தவறில்லை. ஆனால் சட்டப்படி அது நான்கு பங்கு: மனைவிக்கு 3 லட்சம், மகனுக்கு 3, மகளுக்கு 3, கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கும் 3.

அப்பாவுக்கு? ஒன்றும் இல்லை. ஒரு ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், தந்தை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு எதுவும் போகாது. முதல் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்ற பட்டியல் இன்னும் நீளும் (முன்பே இறந்துபோன மகன், மகளின் பிள்ளைகளும் அதில் உண்டு), ஆனால் இந்த உதாரணம் புரிந்தால் போதும்.

பெண் இறந்தால் கணக்கே வேறு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்து கணவரின் வாரிசுகள், அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்ற தாய் தந்தை. அதாவது குழந்தை இல்லாத ஒரு விதவை, அந்தேரியில் வேலை பார்த்துத் தன் சம்பளத்தில் ஒரு வீடு வாங்கி, உயில் எழுதாமல் இறந்தால், வீடு புகுந்த வீட்டுக்காரர்களுக்குப் போகும். அவளைப் பெற்றவர்கள் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். பெற்றோரிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து மட்டும் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும். 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கணவர் இறந்ததும் புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பெற்றோர் படிக்க வைத்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பெண். அவர் சேர்த்த பணம் கணவர் வீட்டாருக்கே போனது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று. அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அந்தப் பிரிவு இன்னும் அப்படியே புத்தகத்தில் இருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம்.

இந்தக் கணக்கெல்லாம் உயில் இல்லாதபோதுதான். உயில் என்பது நான் போன பிறகு என் சொத்து யாருக்கு என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்ட காகிதம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை. முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. உயிலில் ஒரு பெயரும் நாமினி ஃபாரத்தில் இன்னொரு பெயரும் இருந்தால், உயில்தான் நிற்கும்.

சொசைட்டி ஃபிளாட்

மும்பையில் சண்டை பெரும்பாலும் இங்கேதான். கூட்டுறவு வீட்டு வசதி சங்கத்தில் வீடு என்றால், கையில் இருப்பது ஒரு ஷேர் சர்டிபிகேட். 50 ரூபாய் முகமதிப்புள்ள சில ஷேர்கள், ஓரம் மடிந்த ஒரு தாள், அதற்குப் பின்னால் கோடி ரூபாய் வீடு. நாமினி ஃபாரத்தை மூன்று பிரதி எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி செக்ரட்டரியிடம் கொடுக்க வேண்டும். அவர் கமிட்டிக் கூட்டத்தில் வைத்து, பதிவேட்டில் ஏற்றி, ஒரு பிரதியில் சீல் குத்தித் திருப்பித் தருவார். எல்லாம் ஆன பிறகு அந்த சீலைப் பார்த்தால் வீட்டுப் பத்திரமே கைக்கு வந்தாற்போல் ஒரு தைரியம் வரும். குழப்பத்துக்கு முதல் காரணமே அந்த சீல்தான்.

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தம் இதை நேராக்கியது. உறுப்பினர் இறந்தால் நாமினியைச் சங்கம் தற்காலிக உறுப்பினராகச் சேர்க்கும். உண்மையான வாரிசுகள் உயிலோ நீதிமன்றச் சான்றிதழோ குடும்ப உடன்பாடோ காட்டி உறுப்பினராகும் வரைக்கும்தான் அந்த ஏற்பாடு. மெயின்டனன்ஸ் கட்டலாம், கடிதம் வாங்கலாம். வீட்டை விற்க நினைத்தால் மற்ற வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தங்கள் பங்கை விட்டுக் கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் மாறுபடும் இடங்கள்

இன்சூரன்ஸில் 2015-ல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டால் பணம் அவருக்கே உரியது என்கிற மாதிரி அதன் வாசகம் இருக்கிறது. ஏஜென்ட்கள் தைரியமாகப் பேசுவது இதை வைத்துத்தான். ஆனால் மற்ற வாரிசுகள் கேட்டால் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று 2025-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே இதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிஎஃப்-பில் வேறொரு சிக்கல். குடும்பம் என்று யாரும் இல்லாத நிலையில் அண்ணன் பெயரையோ நண்பர் பெயரையோ போட்டவர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டால், பழைய நியமனம் தானாகவே செல்லாததாகிவிடும். பேச்சிலராக மும்பைக்கு வந்து வேலையில் சேர்ந்தபோது எழுதியதை அப்படியே விட்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

வங்கியில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். அந்த சதவீதம் வங்கி கொடுக்கும் கணக்குதான், வாரிசுப் பங்கை அது மாற்றாது.

வேலைக்கும் பதவிக்கும் வாரிசு உண்டா?

சட்டமன்ற உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தல்தான் வரும். மகன் நிற்கலாம், ஜெயிக்கலாம், ஆனால் அது வாரிசுரிமை இல்லை. பணியில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலையை 'வாரிசு வேலை' என்கிறோம். அது பரம்பரை உரிமை கிடையாது, திடீரென்று வருமானம் போன குடும்பத்தைக் கைதூக்கிவிடும் கருணை ஏற்பாடு என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு விசித்திரமான விதிவிலக்கு உண்டு. லாட்-பாகே குழுவின் பரிந்துரைப்படி துப்புரவுப் பணியாளரின் வேலை அவர் குடும்பத்தில் ஒருவருக்குப் போகும். அதன் பெயரே 'வார்ஸா ஹக்கு', வாரிசுரிமை. யாரும் போட்டிக்கு வராத வேலையை மட்டும் பரம்பரையாக்கி வைத்திருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கே விடுகிறேன்.

எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது

ஊரிலிருந்து போனில் வரும் அறிவுரை ஒன்றுதான்: "தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டா முடிஞ்சுது தம்பி." தமிழ்நாட்டில் அது சரி. இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசு என்று விசாரித்துத் தாசில்தார் கொடுக்கும் காகிதம் அது. ஊரில் பட்டா மாற்றவும் இன்ன பிற வேலைகளுக்கும் உதவும். மகாராஷ்டிரத்தில் வாரிசுச் சான்றிதழை நீதிமன்றம்தான் தருகிறது, 1827-ஆம் ஆண்டு பம்பாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி. ஆமாம், கம்பெனி காலத்துச் சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

இது தவிர சக்சஷன் சர்டிபிகேட் என்று ஒன்று உண்டு. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வங்கிப் பணம், ஷேர் போன்றவற்றை வசூலிக்க 1925 சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தரும் அதிகாரம் அது. வீடு, நிலத்துக்கு அது கிடையாது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃபிளாட்டுக்காகப் போய் ஷேருக்கான காகிதத்தோடு திரும்பி வருவீர்கள்.

எதற்கு மனுப் போட்டாலும் மற்ற வாரிசுகளுக்குத் தகவல் போகும், ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்வார்கள். ஆட்சேபம் வந்தால் அது முழு வழக்காக இழுக்கும், எல்லாரும் சம்மதம் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். கோவில்பட்டியில் இருக்கும் அம்மா கையெழுத்துப் போட வேண்டும், அவருடைய ஆதார் நகல் வேண்டும், நோட்டரி முன் சம்மதப் பத்திரம் வேண்டும். வயதானவரை இதற்காக மும்பைக்கு ரயிலேற்றி அழைத்து வருவதைவிட, வக்கீலிடம் வாசகத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும்போது அங்கேயே எழுதி வாங்கி வந்துவிடுவது நல்லது. அப்படியே அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தப் பங்கு எவ்வளவு என்பதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.